ஊர் நூலகச் சுவரில் ஓவியம்: விண்ணப்பம் முதல் கடைசிப் பூச்சு வரை

எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகச் சுவரில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் ஓவியம் வரைந்தோம். நாற்பது அடி நீளம், பத்து அடி உயரம். பிரஷ் பிடித்து வரைந்தது ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளுக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. பாதி நாள்கள் வீண் அலைச்சலில் போயின. எந்த அலுவலகத்துக்குப் போவது, என்ன எழுதிக் கொடுப்பது, எந்த மாதம் சுவரைத் தொடுவது என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்த அலைச்சல் அது. உங்கள் ஊரில் பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ பேருந்து நிலையமோ இருந்து, அதன் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

படம் வரைவது கடைசி வேலை. எழுத்தில் ஒரு சம்மதம், காய்ந்து கெட்டியான ஒரு சுவர், இந்த இரண்டுக்காகத்தான் நீங்கள் பாடுபடப் போகிறீர்கள்.

1. கட்டடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நூலகத்துச் சுவர்தானே என்று நாங்கள் நூலகத் துறைக்கு விண்ணப்பம் கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்து, "கட்டடம் பேரூராட்சியுடையது, அங்கே கேளுங்கள்" என்று பதில் வந்தது. உள்ளே நடப்பது ஒரு துறையின் வேலை, கட்டடம் வேறொரு அலுவலகத்தின் சொத்து. இது எல்லா ஊரிலும் சாதாரணம். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய கிராம நூலகங்கள் ஊராட்சியின் கட்டடங்கள். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கிளை நூலகங்களும் உண்டு. அங்கே வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. "கடைசியாக இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தது யார் செலவில்?" என்று உள்ளே வேலை செய்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் உங்கள் அலுவலகம். பிறகு அந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் கட்டடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுவாகப் போக வேண்டிய இடங்கள் இவை:

- பேரூராட்சிக் கட்டடம்: செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர்.
- கிராம ஊராட்சிக் கட்டடம்: ஊராட்சித் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்.
- ஊராட்சி ஒன்றியப் பள்ளி: தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.
- அங்கன்வாடி: குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், கூடவே உள்ளாட்சி அலுவலகம்.
- பொதுப்பணித் துறைக் கட்டடம்: அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளரிடம் தொடங்குங்கள்.

உள்ளே இருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. கட்டடம் பேரூராட்சியுடையதாக இருந்தாலும் தினமும் அந்தச் சுவரோடு இருப்பவர் நூலகர். எங்கள் கோப்பு நகர்ந்ததற்குப் பாதிக் காரணம், "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்த அரைப்பக்கக் கடிதம்.

வாய்ச் சம்மதத்தை நம்பித் தொடங்காதீர்கள். "வரையுங்க தம்பி, யார் கேட்கப் போறா" என்று கவுன்சிலர் ஒருவர் எங்களிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அனுமதியில்லாமல் பொதுச் சுவர்களில் எழுதுவதையும் ஒட்டுவதையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. யாராவது ஒருவர் புகார் எழுதினால் போதும், உங்கள் கையில் காகிதம் இல்லாவிட்டால் வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

2. விண்ணப்பத்துக்கு முன் சுவரைச் சோதியுங்கள்

இந்தச் சுவர் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யும்படி ஆகலாம். அது விண்ணப்பத்துக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.

இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே கதைதான். ஓதத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும் பொரிந்து உரிந்துவிடும். எங்கள் சுவரில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் உடைந்து பின்பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு நாள் கூலிதான் ஆனது, ஆனால் சுவர் காய மூன்று வாரம் காத்திருந்தோம்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் ஆறட்டும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய கட்டடத்தைத் தொடவே வேண்டாம். அந்தச் சுவர் மூச்சு விட வேண்டும். இன்றைய எமல்ஷன் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துக் காரையை உதிர்த்துவிடும். அது ஓவியத்தை விடப் பெரிய இழப்பு.

எந்தத் திசைச் சுவர் என்றும் பாருங்கள். மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்களில் நிறம் சீக்கிரம் வெளுக்கும். வடக்கு பார்த்த சுவர் கிடைத்தால் விடாதீர்கள்.

3. விண்ணப்பம்: என்ன எழுத வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும்

எங்கள் முதல் விண்ணப்பம் மூன்று பக்கம். ஊரின் பெருமை, கலையின் அவசியம் எல்லாம் அதில் இருந்தன. அலுவலருக்கு வேண்டிய ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை ஒரே பக்கத்தில் எழுதினோம். அதில் இருந்தவை: எந்தக் கட்டடம், எந்தப் பக்கச் சுவர், நீள அகலம், அலுவலகத்துக்குச் செலவு எதுவும் இல்லை என்ற உறுதி, வேலை தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நடக்கும்போது பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்பு, கட்சி, சாதி, மதம், விளம்பரம் சார்ந்த எதுவும் ஓவியத்தில் இருக்காது, இரண்டு ஆண்டுப் பராமரிப்பு எங்களுடையது. அப்புறம் ஐந்து பேரின் பெயர், முகவரி, கையெழுத்து.

இணைப்பாகச் சுவரின் இப்போதைய புகைப்படம், ஓவியத்தின் மாதிரி வரைவு, உள்ளே இயங்கும் அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம். மாதிரி வரைவு கட்டாயம் வண்ணத்தில் இருக்கட்டும். பென்சில் கோட்டைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மேசையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் பெறுகை எண்ணும் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் போய்க் கேட்டால் எங்கள் கோப்பு "தேடிப் பார்க்கிறோம்" என்ற நிலையிலேயே இருந்தது.

பேரூராட்சியில் இது மன்றக் கூட்டத்துக்குப் போகும். கூட்டப் பொருளில் சேர்க்கும் நாளைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். கூட்டத் தேதியை முன்பே விசாரித்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையிலும் வைத்துவிடுவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. ஊரே கேட்டுத் தலையாட்டியதைப் பிறகு யாரும் லேசில் மறுக்க முடியாது.

தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தி போதாது. தீர்மான எண்ணும் தேதியும் உள்ள நகலைக் கையில் வாங்குங்கள். பதிலே வரவில்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் விண்ணப்பத்தின் நிலை என்ன" என்றும் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். இரண்டு முறை நேரில் போய்ப் பணிவாகக் கேளுங்கள். நாளை அந்தச் சுவரைக் காப்பாற்றப் போகிறவர்களும் அதே அலுவலர்கள்தான்.

தேர்தல் அறிவிப்பு வரும் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் மன்றத் தீர்மானங்கள் நின்றுபோகும், அரசுச் சுவர்களில் இருக்கும் எழுத்தையும் படத்தையும் அழிக்க ஆள்கள் கிளம்புவார்கள்.

4. என்ன வரைவது

"என்ன வரையலாம்?" என்று கேட்டால் எல்லோரும் மரம், புறா, உலக உருண்டை என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படிக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினோம். அடுத்த வாரம் கேள்வியை மாற்றினோம்: "வெளியூரிலிருந்து வரும் உங்கள் அக்கா பிள்ளைக்கு இந்த ஊரில் எதைக் காட்டுவீர்கள்?" அப்போதுதான் வெற்றிலைக் கொடிக்கால் வந்தது, வாய்க்கால் மதகு வந்தது, சனிச் சந்தை வந்தது. தினமும் காலையில் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஒரு பாட்டியும் வந்தார். அவரை வரைந்தோம். அவரிடமும் வீட்டாரிடமும் எழுதி வாங்கிய பிறகே வரைந்தோம். உயிரோடு இருப்பவரின் முகம் என்றால் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

கூட்டத்தைக் கோயில் வாசலிலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ போடாதீர்கள். ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமில்லாமல் வந்து உட்காரும் இடமாக இருக்க வேண்டும். நாங்கள் நூலகத்துக்குள்ளேயே போட்டோம். அப்படியும் முதல் கூட்டத்துக்கு இரண்டு தெருக்களிலிருந்து ஆள் வரவில்லை. நாங்களே போய் அங்கே தனியாக உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சு இல்லாமல் இதை ஊர் ஓவியம் என்று சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

நிறங்களில் கவனம் வேண்டும். நம் ஊரில் இரண்டு நிறப் பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அது ஏதோ ஒரு கொடி. வரைவில் ஒரு பெண்ணின் புடவைக்கு நாங்கள் போட்ட இரண்டு நிறம் ஒரு சங்கத்தின் கொடி என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். வரைவிலேயே மாற்றிவிட்டோம். சுவரில் ஏறிய பிறகு தெரிந்திருந்தால் சண்டையாகியிருக்கும். தலைவர்களின் முகம், தெய்வ உருவம் இரண்டையும் தவிர்த்தோம். அரசு முத்திரையையும் தேசியச் சின்னத்தையும் அழகுக்காக வரையக் கூடாது, அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிகளில் இருக்கும் பெரிய ஓவியங்களைப் பார்த்து அந்த அளவுக்கு ஆசைப்படத் தோன்றும். அங்கே பெயின்ட் நிறுவனமும் மாநகராட்சியும் பின்னால் நின்றன. முதல் முறை செய்பவர்களுக்குத் தரைத்தளச் சுவரே போதும்.

5. செலவு

400 சதுர அடிக்கு எங்களுக்கு ஆன கணக்கு இது. உங்கள் ஊரில் கூலியும் விலையும் மாறும், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

- பட்டி: 800 ரூபாய்
- பிரைமர் 4 லிட்டர்: 700
- வெள்ளை எமல்ஷன் 10 லிட்டர்: 3,200
- மற்ற நிறங்கள்: 5,200
- மேல்பூச்சுக் கிளியர் கோட்: 1,800
- பிரஷ், ரோலர், உப்புத்தாள், டேப்: 1,600
- சார வாடகை: 3,400
- சுவர் சுரண்டக் கூலி, இரண்டு பேர் இரண்டு நாள்: 4,000
- டீ, சாப்பாடு: 6,500
- ஓவியருக்கு: 20,000

மொத்தம் 47,200 ரூபாய். ஓவியர் சம்பளத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்காகச் செய்வது என்றால் கொத்தனாரும் பெயின்டரும் கூலி வாங்கிக்கொள்கிறார்கள், ஓவியர் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்?

வசூலை ஒருவரின் ஜிபேயில் வாங்காதீர்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகையில் ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கைமாறினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கைச் சாரத்திலேயே எழுதி மாட்டினோம், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் செய்வதாக இருந்தால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக நன்கொடை தரலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பணம் தந்து சுவரில் கடைப் பெயர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் ஏறினால் அது விளம்பரம், உங்கள் அனுமதி அதற்கு இல்லை.

6. ஓவியரோடு ஒரு பக்க ஒப்பந்தம்

சம்பளம், எத்தனை தவணை, எத்தனை நாள், வரைவை எத்தனை முறை மாற்றலாம், இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, ஓவியம் யாருடையது, பின்னால் கட்டடத்தை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதும் வேண்டும். பதிப்புரிமையை விட்டுக்கொடுத்தாலும் தன் படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கும் உரிமை பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்கு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டுச் சேதமான அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்துக்காக 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அதனால், மாற்ற வேண்டி வந்தால் ஓவியருக்கு முன்கூட்டியே தெரிவிப்போம் என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

7. சுவரைத் தயார் செய்தல்

அவசரப்பட்டால் மொத்த வேலையும் பாழாகும் இடம் இதுதான். நாங்கள் பழைய வெள்ளைக்கு மேலேயே பிரைமர் அடித்தோம். இரண்டு வாரத்தில் அப்பளம் மாதிரி எழும்பி வந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவர் என்றால் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் முழுக்கச் சுரண்டியே ஆக வேண்டும். கம்பி பிரஷ், பட்டி பிளேடு, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுதல். பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து ஊறவிட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் காயட்டும். விரிசலைக் கிராக் ஃபில்லர் வைத்து அடைத்து, வெளிச்சுவருக்கான பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, அதன் பிறகு வெளிச்சுவர் பிரைமர். ஒரு லிட்டர் பிரைமர் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி. சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் மட்டும் வாங்குங்கள். எனாமல் பளபளப்பாக இருக்கும், ஆனால் வெயில் படும் சிமென்ட் சுவரில் உரியும். பிள்ளைகள் தொட்டு வரையப் போவதால் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பாருங்கள். 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் நாட்டில் விதி.

வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் சேர்க்கும் திரவம்) கலந்தே எல்லா நிறமும் செய்துவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். வெளிர் நிறத்துக்குச் சரி. அடர்ந்த நிறம் வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் பெயின்ட் நீர்த்துப்போய்ச் சரியாகப் பிடிக்காது. அடர்நிறங்களை மெஷினில் கலந்து லிட்டர் டப்பாவாக வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஊதா முதலில் வெளுப்பவை. காவி, செம்மண், ஆழ்ந்த நீலம், பச்சை நின்று பேசும்.

8. காலம்

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் பாதிவரை சிறந்த காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரைத் தொடாதீர்கள். அப்படியென்றால் விண்ணப்பம் ஆகஸ்டிலாவது போயிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் செய்தே தீர வேண்டுமென்றால் காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலை நாலரைக்கு மேல். சுவரில் கை வைத்தால் சுட்டால் பெயின்டும் வைக்காதீர்கள், பிரஷை எடுப்பதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும்.

9. வரையும் நாள்கள்

வரைவில் அங்குலக் கட்டம், சுவரில் அடிக் கட்டம். மேஸ்திரியிடம் சொல்லி நூல் பிடித்து அடித்தால் ஒரு மணி நேர வேலை. புரொஜெக்டர் கிடைத்தால் இரவில் படத்தைச் சுவரில் விழவைத்துக் கோடு இழுக்கலாம். பென்சில், கரி வேண்டாம், மேல் பூச்சில் அழுக்காகத் தெரியும். சாக்பீஸ் போதும்.

ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தின் எண்ணை எழுதுங்கள். பெயின்ட் ஊற்றிக் கொடுக்கும் தயிர் டப்பாவிலும் அதே எண் இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மாவும் கேள்வி கேட்காமல் நிரப்புவார்கள். மேலிருந்து கீழ், பின்னணி முதலில். முகம், கை, கோடு ஓவியருக்கு. நான்கடி உயரம்வரை பிள்ளைகளுக்கு. சாரத்தில் பெரியவர்கள் மட்டும். சாரம் கட்டும் முன் லைன்மேனை அழைத்துச் சர்வீஸ் வயரைக் காட்டிவிடுங்கள். எங்கள் சுவரில் மேல் மூலையோடு ஒட்டி ஒரு வயர் போனது, அவர் வந்து தள்ளிக் கட்டிக் கொடுத்த பிறகே சாரம் ஏறியது.

தரையிலிருந்து ஓர் அடிக்கு அடர்பழுப்புப் பட்டை போட்டோம். மழைத் தெறிப்பில் சேறு படியும் இடம் அது, வெளிர் நிறம் ஒரே மழையில் கெட்டுவிடும்.

10. முடிந்த பிறகு

கடைசி நிறம் அடித்து ஒரு வாரம் காயவிட்டுக் கிளியர் கோட். அது இருந்தால் யாராவது போஸ்டர் ஒட்டினாலும் ஈரத்துணி வைத்து ஓரளவு உரித்து எடுக்கலாம். அனுமதி எண், தேதி, வரைந்தவர்கள் பெயர் மூன்றையும் கீழ் மூலையில் சின்னதாக எழுதுங்கள். அடுத்த செயல் அலுவலர் வரும்போது அந்த எண்தான் பேசும். முடிந்த படமும் செலவுக் கணக்கும் சேர்த்து ஒரு கடிதத்தை அதே கோப்பில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டராவது மிச்சம் வையுங்கள். டப்பா மூடியில் நிறத்தின் பெயர், மெஷினில் கலந்த நிறத்தின் எண், வாங்கிய தேதி எழுதி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். எங்கள் டப்பாக்கள் நூலகத்தின் பின்னறை அலமாரியில் இருக்கின்றன, சாவி நூலகரிடம். போன மழை முடிந்து தை மாதத்தில் நாலு பேர் போய் வாய்க்கால் மதகின் ஓரத்தைத் தொட்டுப் பூசிவிட்டு வந்தோம். அரை நாள் ஆனது.